தரையைச் சூடாக்கும் முன் கூரையைப் பாருங்கள்

கோத்தகிரியில் அக்காவும் மச்சானும் கட்டிய வீட்டில் படுக்கையறைக்கும் பாத்ரூமுக்கும் தரைக்கடியில் ஹீட்டிங் போட்டதில் இருந்து, சொந்தத்தில் வீடு கட்டுகிற எல்லோரும் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள், நாங்களும் போடலாமுங்களா என்று. அன்னூரில் கட்டுகிறவர் கேட்கிறார், பெருந்துறையில் கட்டுகிறவர் கேட்கிறார், பொள்ளாச்சியில் பழைய வீட்டைப் பிரித்துக் கட்டுகிறவரும் கேட்கிறார். அந்த வீட்டு வேலையைக் கீழே இருந்து ஏறி ஏறிப் பார்த்துக்கொண்டவன் நான்தான் என்பதால் கேள்வி என்னிடம் வருவது நியாயம்தான். போனில் அரைகுறையாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதி வைத்தால் நாலு பேருக்கு உதவும்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சமவெளியில் வேண்டாம். மலையில், வருடம் முழுக்கக் குடியிருக்கிற வீடாக இருந்தால், தேவைப்படுகிற அறைக்கு மட்டும் போடலாம், அதுவும் கூரைக்கும் ஜன்னலுக்கும் செய்ய வேண்டியதைச் செய்து முடித்த பிறகு. இந்த வரிசையை மாற்றினால் கொடுத்த காசில் பாதி மண்ணுக்குள்ளும் மீதி ஆகாயத்துக்கும் போகும். இதை வேகத்தில் சொல்லவில்லை, கணக்குப் போட்டே கீழே காட்டுகிறேன்.

சமவெளி விஷயத்தை முடித்துவிடலாம். கோயமுத்தூர் கடல் மட்டத்தில் இருந்து நானூறு மீட்டர் சொச்சம் உயரம். மார்கழி, தை விடியற்காலையில் 17, 18 டிகிரி வரை இறங்கும், வெயில் ஏறினால் எல்லாம் சரியாகிவிடும். அந்த நேரத்தில் தரை ஜில்லென்று இருக்கிறது, மூட்டு வலிக்கிறது என்று பெரியவர்கள் சொல்வது உண்மைதான். ஆனால் அறை குளிர்ந்து கிடப்பது அதற்குக் காரணம் இல்லை, நாம் போட்டிருக்கிற கல்தான் காரணம். கிரானைட்டும் விட்ரிஃபைட் டைல்ஸும் பாதத்தின் சூட்டை வேகமாக இழுத்துக்கொள்ளும். அதே அறையில், அதே வெப்பநிலையில் இருக்கிற மரப்பலகையில் கால் வைத்துப் பாருங்கள், குளிர் தெரியாது. அந்தக் காலத்து ரெட் ஆக்சைடு தரையும் சிமெண்ட் தரையும் கூட கிரானைட் அளவுக்கு இழுக்காது. இதற்கு ஒரு பவானி ஜமக்காளமும் வீட்டுக்குள் போட ஒரு ஜோடி செருப்பும் போதும். வருடத்தில் சில வாரம், அதிலும் காலையில் கொஞ்ச நேரம் தெரிகிற குளிருக்காகத் தரையை உடைத்து ஒயர் பதிக்க வேண்டியதில்லை.

மலையில் நிலைமை வேறு. கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர் உயரம், ஊட்டி 2,240. ஊட்டியில் டிசம்பர், ஜனவரியில் புல்வெளி மேல் உறைபனி படிந்து வெள்ளையாகக் கிடக்கிற போட்டோ எல்லோரும் பார்த்திருப்பீர்கள். கோத்தகிரியில் அந்த அளவுக்கு இல்லை, ஜனவரி இரவுகளில் பத்து டிகிரியை ஒட்டி இறங்கும். ஆனால் அங்கே ஆளை வாட்டுவது வெறும் குளிர் இல்லை, ஈரம். நீலகிரியில் கூடலூர் பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டும், குன்னூர், கோத்தகிரி பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பிடிக்கும். அந்த மாதங்களில் மேகம் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். துவைத்த துணி காயாது, பீரோவுக்குள் வைத்த பட்டுச்சேலையில் பூஞ்சை பூக்கும், பாத்ரூம் தரை காலையில் நனைந்தது மறுநாள் காலை வரைக்கும் அப்படியே இருக்கும். கீழே இருந்து விடுமுறைக்குப் போய் ரெண்டு நாள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு திரும்புகிறவர்களுக்கு இது தெரியாது. அறுபதைத் தாண்டி அங்கேயே குடியேறுகிறவர்களுக்கு முதல் மழைக்காலத்திலேயே தெரிந்துவிடும்.

வெள்ளைக்காரர்கள் கட்டிய பங்களாக்களில் அறைக்கு அறை கணப்பு இருக்கும். கோயமுத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் கோத்தகிரி பக்கம் கன்னேரிமுக்கில் 1819-ல் பங்களா கட்டியதில் இருந்தே இந்த மலையில் வெயில் ஊர்க்காரர்கள் வீடு கட்டும் கதை ஆரம்பித்துவிட்டது. ஆனால் இன்றைக்கு விறகு வாங்கி, வெட்டி, காயவைத்து, தினமும் சாம்பல் அள்ள வயதானவர்களால் முடியாது. அப்புறம் சிலர் செய்கிற காரியம், இரும்புச் சட்டியில் கரி போட்டு அதை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவது. தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே உயிர் போய்விடும். மலையில் தங்கப் போனவர்கள் இப்படிச் செத்த செய்தி திரும்பத் திரும்ப வந்திருக்கிறது.

இனி விஷயத்துக்கு வருவோம். தரையைச் சூடாக்குவது புதுசு இல்லை. ரோமாபுரியில் குளியல் மண்டபங்களின் தரையைச் சின்னச் சின்னத் தூண்கள் மேல் தூக்கி நிறுத்தி, அடியில் அடுப்புச் சூட்டை ஓடவிட்டார்கள். கொரியாவில் அடுப்புப் புகையைக் கல் தரைக்கு அடியில் செலுத்தி மறுபக்கம் புகைபோக்கி வழியாக வெளியே விடுவார்கள், ஓண்டோல் என்று பெயர். அதன் மேலேயே பாய் போட்டுச் சாப்பிடுவதும் படுப்பதும். இன்றைக்கும் அங்கே அடுக்குமாடி வீடுகளில் தரைதான் சூடாகிறது, புகைக்குப் பதில் குழாயில் வெந்நீர் ஓடுகிறது. நம்மைப் போலத் தரையில் உட்கார்ந்து புழங்குகிற ஜனம் அதைக் கண்டுபிடித்ததில் ஆச்சரியம் இல்லை.

இப்போது கிடைப்பது இரண்டு வகை. ஒன்று வெந்நீர்க் குழாய். பெக்ஸ் என்கிற, சூடு தாங்கும் 16 மி.மீ. பிளாஸ்டிக் குழாயைப் பத்தில் இருந்து இருபது சென்டிமீட்டர் இடைவெளியில் வளைத்து வளைத்துப் போட்டு, மேலே இரண்டு, மூன்று அங்குலம் சிமெண்ட் தளம் போட்டு, அதில் 35 முதல் 45 டிகிரி வரை சூடான தண்ணீரைச் சின்ன மோட்டார் வைத்துச் சுற்றவிடுவது. ஒரு சுற்றுக்கு நூறு மீட்டருக்கு மேல் குழாய் போடக்கூடாது, அதனால் பெரிய அறைக்கு இரண்டு சுற்று வரும், எல்லாச் சுற்றும் மேனிஃபோல்ட் என்கிற ஒரே இணைப்பில் வந்து சேரும். இன்னொன்று கரண்ட். வலை மாதிரி பாயில் தைத்து வருகிற ஹீட்டிங் கேபிளை டைல்ஸ் பசையில் பதித்துவிடுவது, கனம் மூன்று, நான்கு மி.மீ. தான். சதுர மீட்டருக்கு 150 வாட் என்பது சாதாரணமாகக் கிடைக்கிற அளவு. இரண்டிலும் தரை கொதிக்காது. ஐரோப்பாவில் இதற்கு இருக்கிற விதிப்படி மக்கள் புழங்கும் இடத்தில் தரையின் மேல் சூடு 29 டிகிரியைத் தாண்டக்கூடாது, பாத்ரூமில் 33. அதாவது நம் உடம்புச் சூட்டைவிடக் குறைவு.

மச்சான் முதலில் வீடு முழுக்க வெந்நீர்க் குழாய்தான் போட வேண்டும் என்றார். "மாப்ள, ஒரு தடவைதான் கட்டறோம், முழுசாப் பண்ணிரலாம்" என்பது அவர் கட்சி. ஆனால் அந்த வீட்டில் இருக்கப்போவது இரண்டு பேர். பகலில் சமையலறை, தோட்டம், வெயில் வந்தால் முன்வாசல். சூடு வேண்டியது படுக்கையறையிலும் பாத்ரூமிலும், அதுவும் சாயங்காலமும் அதிகாலையும். வெந்நீர்க் குழாய் போட்டால் வெளிக்காற்றின் சூட்டை இழுத்துத் தண்ணீரைச் சூடாக்குகிற ஹீட் பம்ப் வேண்டும், தொட்டி வேண்டும், மேனிஃபோல்ட் வேண்டும், ஏதாவது கோளாறு என்றால் பார்க்க ஆள் கோயமுத்தூரில் இருந்து மலை ஏறி வர வேண்டும். அதனால் அந்த இரண்டு இடத்துக்கு மட்டும் கரண்ட் வகை என்று முடிவானது. இப்போதும் அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

நல்லதைச் சொல்கிறேன். கால் சூடாக இருந்தால் உடம்பு முழுக்கக் குளிர் விலகிவிடுகிறது. ஆயில் ஹீட்டர் வைத்தால் அதன் பக்கம் இருக்கிற முழங்கால் மட்டும் சுடும், சூடான காற்று நேரே மேலே போய் உத்தரத்தில் தங்கிவிடும், கீழே தரை அப்படியே ஜில். இதில் சூடு கீழே இருந்து பரவுவதால் காற்று ஒன்று, இரண்டு டிகிரி குறைவாக இருந்தாலும் நமக்கு இதமாகவே இருக்கிறது. சத்தம் கிடையாது. காற்றை ஊதாததால் தூசி கிளம்பாது, மூக்கு எரியாது, ஆஸ்துமா இருக்கிற மச்சானுக்கு இது பெரிய விஷயம். தடுக்கி விழ ஒயர் கிடையாது, இடத்தை அடைக்கிற பெட்டி கிடையாது. எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிதாகத் தெரிவது பாத்ரூம். குளித்து முடித்துக் கொஞ்ச நேரத்தில் தரை உலர்ந்துவிடுகிறது. வயதானவர்கள் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிவது எங்கே என்று கேட்டுப் பாருங்கள், பல பேர் பாத்ரூம் என்பார்கள். அக்காவுக்கு எலும்புத் தேய்மானம் இருக்கிறது. வேறு எதற்கு இல்லாவிட்டாலும் அந்த உலர்ந்த தரைக்காகவே நான் இதைப் போடச் சொல்வேன். பாத்ரூமில் கேபிள் போட்ட இரண்டு சதுர மீட்டருக்கு 300 வாட்தான் இழுக்கிறது, பழைய நூறு வாட் குண்டு பல்பு மூன்றுக்குச் சமம்.

இனி பாதகம். முதலில் நேரம். போட்ட உடனே சூடு வராது. பசையில் பதித்த கரண்ட் வகைக்கே அரைமணி, முக்கால் மணி ஆகும், மூன்று அங்குலத் தளத்துக்குள் குழாய் போட்ட வகை என்றால் பல மணி நேரம் பிடிக்கும். கனத்த தோசைக்கல் மாதிரிதான், காய நேரம் எடுக்கும், காய்ந்தால் சீக்கிரம் ஆறாது. வாரக் கடைசியில் மட்டும் போய்த் தங்குகிற வீட்டுக்கு அதனாலேயே இது பொருந்தாது, நீங்கள் போய் அறை சூடாவதற்குள் கிளம்புகிற நேரம் வந்துவிடும். ஜெர்மனியில் இருக்கிற பெரியப்பா பையன் வீட்டில் வெந்நீர்க் குழாய் வகை இருக்கிறது. குளிர்காலம் முழுக்க அதை அணைப்பதே இல்லையாம், குறைந்த சூட்டில் இரவும் பகலும் ஓடிக்கொண்டே இருக்கும், ராத்திரி அணைத்துக் காலையில் போடுவதில் அங்கே லாபம் இல்லை என்கிறான். சுவரும் கூரையும் நன்றாக மூடிய வீடு என்பதால் அங்கே அது கட்டுப்படியாகிறது.

அடுத்தது கரண்ட் பில். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அறை, சுமார் பதிமூன்றரை சதுர மீட்டர். கட்டில், பீரோ இருக்கும் இடத்தை விட்டால் கேபிள் போடுவது ஏழு சதுர மீட்டருக்கு. 150 வாட் வீதம் 1,050 வாட், அதாவது முழு வேகத்தில் ஓடினால் மணிக்கு ஒரு யூனிட். சாயங்காலம் நாலு மணி நேரம், அதிகாலை இரண்டு மணி நேரம் என்று வைத்தால், சூடு போதுமானதும் தெர்மோஸ்டாட் நடுநடுவே நிறுத்துவது போக ஒரு நாளைக்கு நாலு யூனிட் சொல்லலாம். பாத்ரூமுக்கு அரை யூனிட். இரண்டு மாதப் பில்லில் 270 யூனிட் கூடும். நம் மின்வாரியக் கணக்கில் முதல் கொஞ்சம் யூனிட் இலவசம் என்பதெல்லாம் சரி, ஆனால் இரண்டு மாத உபயோகம் 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ் ஸ்லாப்பில் கிடைக்கிற குறைந்த விலையும் போய்விடும், மேலே போகப் போக ஒவ்வொரு யூனிட்டும் விலை ஏறும். ஏற்கெனவே கீசர், ஃபிரிட்ஜ், இன்டக்‌ஷன் அடுப்பு ஓடுகிற வீட்டில் இந்த 270 யூனிட்டும் மேல் ஸ்லாப்பில்தான் போய் விழும். உங்கள் பழைய பில்லை எடுத்து வைத்துக்கொண்டு கணக்குப் பாருங்கள்.

விற்கிறவர்கள் இதில் கரண்ட் மிச்சம் ஆகும் என்பார்கள். கரண்ட் வகையில் ஒரு யூனிட் கரண்டுக்கு ஒரு யூனிட் சூடு, ரூம் ஹீட்டருக்கும் இதுவேதான், எந்தக் கம்பெனி கேபிளாக இருந்தாலும் இதற்கு மேல் வராது. செலவுதான் முக்கியம் என்றால் குளிரும் சூடும் இரண்டும் தருகிற இன்வெர்ட்டர் ஏ.சி. வாங்குங்கள், அது வெளிக்காற்றில் இருக்கிற சூட்டை இழுத்து உள்ளே தருவதால் ஒரு யூனிட் கரண்டுக்கு மூன்று யூனிட் அளவுக்குச் சூடு கிடைக்கும். காற்று ஊதும், கால் குளிரும், ஆனால் பில் மூன்றில் ஒரு பங்கு. வெந்நீர்க் குழாயை ஹீட் பம்ப்புடன் சேர்த்தால் இதே லாபம் தரையிலும் கிடைக்கும், தண்ணீர் 35 டிகிரி போதும் என்பதால் ஹீட் பம்ப் அதில் சிரமப்படாமல் ஓடும். வீடு முழுக்க, வருடத்தில் ஆறு மாதம், நிறைய ஆட்கள் என்றால், ஒரு தங்கும் விடுதி என்று வைத்துக்கொள்ளுங்கள், அப்போது வெந்நீர் வகைதான் சரி. நம் ஊரில் வீட்டுக்கு வீடு மாடியில் இருக்கிற சோலார் வாட்டர் ஹீட்டரை இதற்கு இணைக்கலாமே என்று மச்சானும் கேட்டார். இணைக்கலாம், ஆனால் மேகம் மூடி வாரக்கணக்கில் வெயில் தெரியாத அதே நாட்களில்தான் சூடு தேவை, அப்போது அந்தத் தொட்டியில் வெந்நீர் இருக்காது.

மரம் விழுந்து கரண்ட் போனால் எல்லாம் நின்றுவிடும், வீட்டு யு.பி.எஸ்.ஸில் இதை ஓட்ட முடியாது. மழைக்காலத்தில் மலையில் இது சாதாரணம். அதனால் கம்பளியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

சமவெளிக்கு நான் சிபாரிசு செய்த ஜமக்காளம் இங்கே ஆகாது. சூடாகிற தரை மேல் கனத்த விரிப்பையோ மெத்தையையோ போட்டால் சூடு மேலே வர வழியில்லாமல் அடியிலேயே தேங்கும். கரண்ட் வகையில் அது கேபிளுக்கும் கெடுதல், மேலே படுத்திருக்கிறவருக்கும் கெடுதல். முக்கியமாக, சர்க்கரை நோய் முற்றிக் கால் மரத்துப் போனவர்கள் வீட்டில் இருந்தால் தெர்மோஸ்டாட்டைக் குறைவாக வைத்துப் பூட்டிவிடுங்கள். மிதமான சூடுகூட ஒரே இடத்தில் பல மணி நேரம் பட்டால் தோல் வெந்துவிடும், அவர்களுக்கு அது உறைக்காது. எங்கள் வீட்டில் விருந்தாளி வந்தால் மெத்தையைக் கூடத்தில்தான் விரிக்கிறோம், அந்த அறையில் இல்லை.

இப்போது தலைப்புக்குக் காரணமான விஷயம். அக்கா வீட்டுக்குச் சற்றுத் தள்ளி ஒரு வீட்டில் இதே கரண்ட் வகையை நாலு அறைக்கும் போட்டிருக்கிறார்கள். போட்டுக் கொடுத்தவர் பெயர் இங்கே வேண்டாம். நேரே காங்கிரீட் மேல் கேபிளை விரித்துப் பசையைப் பூசி டைல்ஸை ஒட்டிவிட்டுப் போய்விட்டார். சூடு கீழே இறங்காமல் தடுக்க அடியில் எதுவும் இல்லை. சூடு மேலே வர வேண்டும் என்று அதற்குத் தெரியாது, குளிர்ந்த இடம் எதுவோ அங்கே போகும், அடியில் இருக்கிற ஈர மண் எத்தனை வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளும். ராத்திரி முழுக்க ஓட்டியும் தரை வெதுவெதுப்பைத் தாண்டவில்லை, பில்லைப் பார்த்து இப்போது மெயினையே அணைத்து வைத்திருக்கிறார்கள். அந்த அம்மாவுக்கு எழுபது வயது இருக்கும், கட்டிலில் இருந்து கால் இறக்கவே யோசிக்கிறார். காசு போனதைவிட அதைப் பார்க்கத்தான் எனக்குக் கோபம் வருகிறது, ஒரு சுற்றுப் பலகை போட்டிருந்தால் தீர்ந்திருக்கும் வேலை. எக்ஸ்.பி.எஸ். என்பது சூட்டைத் தடுக்கிற ஃபோம் பலகை, சிமெண்ட் பூச்சுடன் பத்து, இருபது மி.மீ. கனத்தில் கிடைக்கிறது, கேபிளுக்கு அடியில் அதை ஒட்டியாக வேண்டும். சுவரோரம் சுற்றிலும் ஒரு ஃபோம் பட்டை விட வேண்டும், சூடு சுவர் வழியாக ஓடாமல் இருக்கவும், தளம் விரிந்தால் வெடிக்காமல் இருக்கவும்.

கூரை அதைவிட முக்கியம். தரை 27 டிகிரி, அறை 20 டிகிரி என்றால் தரையில் இருந்து ஒரு சதுர மீட்டருக்கு சுமார் 75 வாட் சூடு மேலே வருகிறது. ஏழு சதுர மீட்டருக்கு 525 வாட். வெளியே பத்து டிகிரி. அதே பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அறையின் மேலே வெறும் ஐந்து அங்குல காங்கிரீட் மட்டும் இருந்தால் அது வழியாகவே நானூறு வாட்டுக்கு மேல் வெளியே போய்விடும். நாலுக்கு ஐந்து ஜன்னலில் ஒற்றைக் கண்ணாடி என்றால் இன்னொரு நூறு வாட். சுவரையும் கதவிடுக்கையும் கணக்கில் எடுக்கும் முன்பே தரை தந்தது முழுக்கத் தீர்ந்துவிட்டது பாருங்கள். அந்த காங்கிரீட் மேல் இரண்டு அங்குல எக்ஸ்.பி.எஸ். போட்டு அதற்கு மேல் தளம் போட்டால் அந்த நானூறு வாட் வெறும் எழுபது வாட்டாகக் குறையும். அக்கா வீட்டில் இதை முதலில் செய்தோம், ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி போட்டோம், கதவுக்கு அடியில் ரப்பர் பட்டை வைத்தோம். இவ்வளவும் செய்த பிறகு ஹீட்டிங் இல்லாமலே அறை முன்னைவிட நன்றாக இருந்தது, அதனால்தான் குறைந்த நேரம் ஓட்டியே சமாளிக்க முடிகிறது. பட்ஜெட்டில் ஏதாவது ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் ஹீட்டிங்கை விட்டுவிட்டுக் கூரையைச் செய்யுங்கள்.

கூரை என்ற சொல் வந்ததால் சமவெளியில் இருக்கிறவர்களுக்கு ஒன்று. சித்திரை வெயிலில் மொட்டை மாடி காங்கிரீட் பகலெல்லாம் காய்ந்து ராத்திரி பூரா நம் தலை மேல் இறக்குகிற சூடும் இதே கணக்குதான், திசை மட்டும் மாற்றம். தட்டோடு பதித்த தளமோ, வெள்ளைக் கூல் டைல்ஸோ, அடியில் ஒரு எக்ஸ்.பி.எஸ். பலகையோ, தரைக்குச் செலவழிக்க நினைத்த காசை அங்கே போடுங்கள், ஏ.சி. ஓடுகிற நேரம் குறையும். தரைக்கடியில் குளிர்ந்த தண்ணீர் ஓட்டி வீட்டைக் குளிரவைக்க முடியாதா என்று பெருந்துறைக்காரர் கேட்டார். முடியும். பாங்காக் சுவர்ணபூமி விமான நிலையத்தில் அப்படித்தான் தரையைக் குளிர்விக்கிறார்கள், ஆனால் கூடவே காற்றில் இருக்கிற ஈரத்தையும் தனியாக எடுக்கிறார்கள். ஈரத்தை எடுக்காமல் தரையை மட்டும் குளிரவைத்தால், ஐஸ் தண்ணீர் டம்ளரின் வெளிப்புறம் போலத் தரை வியர்க்கும், வழுக்கும். ஒரு வீட்டுக்கு இவ்வளவு ஏற்பாடு தேவைப்படாது, கூரைதான் மலிவு.

மலையில் போடுவது என்று முடிவு செய்தவர்களுக்கு வேலை சமயத்தில் பார்க்க வேண்டியவை. கேபிளின் இன்சுலேஷனைச் சோதிக்கிற மெக்கர் கருவியை வைத்து அதை மூன்று தடவை சோதிக்கச் சொல்லுங்கள், விரிக்கும் முன், விரித்த பின், டைல்ஸ் ஒட்டிய பின். கொத்தனாரின் கரணை பட்டு வெட்டுப்பட்டிருந்தால் டைல்ஸ் ஒட்டும் முன்பே தெரிந்துவிடும். வெந்நீர்க் குழாய் என்றால் அழுத்தம் ஏற்றி, அந்த அழுத்தம் இறங்காமல் நிற்கிறதா என்று பார்த்து, அழுத்தத்தோடேயே தளம் போட வேண்டும். அமெரிக்காவில் லெவிட்டவுன் என்ற ஊரில் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஆயிரக்கணக்கான வீடுகளுக்குத் தரைக்குள் செம்புக் குழாய் பதித்துக் கட்டினார்கள், வருடம் போகப் போக அவை ஒழுகி, தளத்தை உடைக்க முடியாமல் பலர் வேறு ஹீட்டருக்கு மாறினார்கள். இன்றைய பெக்ஸ் குழாய் துருப்பிடிக்காது, ஆனாலும் தளத்துக்குள் ஜாயின்ட் எதுவும் வரக்கூடாது, ஒரே துண்டாக ஓட வேண்டும்.

ஒவ்வொரு அறையையும் டைல்ஸ் ஒட்டும் முன் அளவு டேப்பை வைத்து போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கதவுக்குத் தரையில் ஸ்டாப்பர் அடிக்க வருகிறவரிடம் அந்தப் போட்டோவைக் காட்டாமல் டிரில்லைத் தொட விடக்கூடாது. சூட்டை அளக்கிற சென்சார் ஒயரைப் பசைக்குள் நேரே பதிக்காமல் ஒரு சின்னக் குழாய்க்குள் விடச் சொல்லுங்கள், முதலில் பழுதாவது அதுதான், குழாயில் இருந்தால் தரையை உடைக்காமல் உருவி வேறு மாற்றலாம். கரண்ட் கசிந்தால் உடனே நிறுத்துகிற 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஸ்விட்ச் தனியாக வேண்டும், எர்த் சரியாக இருக்க வேண்டும். "தரைக்கடியில கரண்ட் வெச்சா ஈரக்காலோட நின்னா ஷாக் அடிக்காதுங்களா?" என்று பொள்ளாச்சி அத்தை பயந்தார், நியாயமான பயம்தான், கேபிளைச் சுற்றி எர்த் உறை இருந்து இந்த ஆர்.சி.சி.பி.யும் இருந்தால் கோளாறு வந்த நொடியில் கரண்ட் நின்றுவிடும். பசையும் சாதாரணப் பசை வேண்டாம், சூட்டில் விரிந்து சுருங்குவதைத் தாங்குகிற பசை என்று கேட்டு வாங்குங்கள். மரத்தரை ஆசை இருந்தால் மேல் சூடு 27 டிகிரிக்குள் நிற்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும், டைல்ஸ்தான் இதற்கு நல்லது.

வேலை முடிந்ததும் கிருகப்பிரவேசத்துக்குத் தரை சூடாக இருக்கட்டும் என்று உடனே போட்டுவிடாதீர்கள். குழாய் பதித்த சிமெண்ட் தளம் மூன்று வாரம் ஆறிய பிறகுதான் வெந்நீர் விட வேண்டும், அதுவும் மூன்று நாள் 25 டிகிரியில் வைத்து, பிறகு மெதுவாக ஏற்ற வேண்டும். கரண்ட் வகைக்கு டைல்ஸ் பசை மூட்டையில் எத்தனை நாள் என்று போட்டிருக்கிறதோ அத்தனை நாள். அக்கா வீட்டு விசேஷம் அந்த நாட்களுக்குள்தான் வந்தது, ஐயர் உட்பட எல்லோரும் குளிர்ந்த தரையில்தான் உட்கார்ந்தோம், மச்சானே ஸ்விட்ச் பக்கம் யாரும் போகாமல் பார்த்துக்கொண்டார்.